தொண்ணூற்றிரண்டு பங்கு நிச்சயம்

போன் அலறியது.

போலீஸ் கன்ட்ரோல் ரூமில் போன் அலறுவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் இது மேசை போன் அல்ல. அவளுடைய கைப்பைக்குள் கிடந்த சொந்த போன்.

திரையில் 'அக்கா'.

“சொல்லுக்கா. கோர்ட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா?”

பதில் இல்லை. மூச்சு மட்டும்... இழுத்து... இழுத்து...

“குட்டி...”

“அக்கா? என்ன ஆச்சு?”

“இருட்டா இருக்குடி... இரும்புப் பெட்டி மாதிரி... சுவத்துல கை வைக்க முடியல, சுடுது...”

“எங்கக்கா இருக்க?”

“தெரியல... மூஞ்சில துணிய வச்சு அமுக்கினான்... இடுப்புல சொருகியிருந்த போனை அவன் பாக்கல... தலை சுத்துது... குட்டி, சார்ஜ் இல்ல...”

“எதுல கூட்டிட்டுப் போனாங்க? அதை மட்டும் சொல்லு.”

“அது ஒரு...”

அவ்வளவுதான். பின்னணியில் கேட்டுக்கொண்டிருந்த 'ம்ம்ம்' என்ற உறுமலும் சேர்ந்து அறுந்தது.

திரும்ப அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு இனிமையான குரல். அந்த இனிமையை அடித்து நொறுக்கலாம் போலிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெயிலில் கிடக்கும் இரும்புப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்கா தொழிற்சாலைகளைச் சோதிக்கும் பாதுகாப்பு அதிகாரி. மேற்கே இருக்கும் ஒரு மில்லில் பாய்லர் வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். 'மாற்றுங்கள்' என்று அக்கா மூன்று முறை சொல்லியும் மில் முதலாளி மாற்றாத பாய்லர் அது. இன்று மதியம் அவர் முகத்துக்கு நேராக அக்கா சாட்சி சொல்ல வேண்டும். வராவிட்டால் வழக்கு புஸ்வாணம்.

தங்கை ஓடினாள்.

கோர்ட் அடுத்த தெருவில்தான். வாசலில் டாக்ஸி ஸ்டாண்ட். முன்னால் நின்ற டாக்ஸிக்காரரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, எங்க அக்காவ... கையில நீலக் குடை இருக்கும்... யாராவது வண்டியில ஏத்திட்டுப் போனாங்களா? வெள்ளை வேன் மாதிரி? மேற்குப் பக்கமா?”

டாக்ஸிக்காரர் தலையைச் சொறிந்தார். “கவனிக்கலையேம்மா. இரு, நாலு பேர்கிட்ட கேட்டுப் பாக்கறேன். நீ அழாத.”

*

இந்த இடத்தில் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கும் கன்ட்ரோல் ரூமில் தகவல் மேசை அவளுடையது. ஊரில் எந்தக் குற்றம் நடந்தாலும் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். அதை உட்கார்ந்து சலிப்பதுதான் வேலை. மாலையில் வகுப்புக்குப் போகிறாள். அரைகுறைத் தகவல்களைச் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதுதான் பாடம். உண்மை, பொய் என்று இரண்டே டப்பா வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் உண்மை என்று பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடு, பிறகு சேர்.

அதனால் யார் எதைக் கேட்டாலும் அவள் சொல்லும் பதில்: “முக்கால்வாசி உண்மை சார்.”

ஸ்டேஷன் அவளுக்கு வைத்த பெயர் முக்கால்.

“ஏம்மா முக்கால், உக்காரு முதல்ல,” என்றார் இன்ஸ்பெக்டர், அவள் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்ததும். “உங்கக்கா எனக்கும் தெரிஞ்சவங்கதான். மில் முதலாளிய விசாரிக்கச் சொல்லிட்டேன். அந்தாளு காலையிலேர்ந்து கோர்ட் வராண்டாவுல உக்காந்து காபி குடிச்சிட்டிருக்கான். நகரவே இல்ல.”

“அவர் ஏன் சார் நகரணும்? ஆள் வச்சிருப்பார்.”

“இருக்கும். எங்க வச்சிருக்கான்னு சொல்லு. ஏட்டய்யா, என்ன கிடைச்சுது?”

ஏட்டு தொண்டையைச் செருமினார். “சாட்சிங்க ஆறு ஐயா. டாக்ஸிக்காரரு, வெள்ளை வேன், மேற்கேன்றாரு. எதுத்தாப்புல இருக்கற தையல்காரரும் அதே. பேங்க் வாட்ச்மேனும் அதே.”

“மூணு பேரா?”

“மூணு பேரும் ஐயா. பிசிறில்லாம.”

“மத்த மூணு?”

“அது வேஸ்ட்டு ஐயா. பஸ்ஸுக்கு நின்ன ஒரு பெரியவரு, நீலக் குடை வச்ச அம்மா ஆம்புலன்ஸ்ல ஏறினாங்க, வண்டி கிழக்கே போச்சுங்கறாரு. தானா ஏறினாங்களாம். கடத்தறவன் வண்டியில எவங்கய்யா தானா ஏறுவான்? அதுலயும் அவரு மூக்குக் கண்ணாடிய ரிப்பேருக்குக் குடுத்துட்டு வந்தவரு.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“போன் கம்பெனி இன்ஜினீயரு, சிக்னல் கிழக்கு டவர்ல பட்டிருக்கலாம், ஆனா ரொம்ப வீக்கு, சத்தியம் பண்ண மாட்டேங்கறாரு. அப்புறம் நம்ம டெக்னீஷியன், முக்கால் போன்ல தானா பதிவான உறுமலைக் கேட்டுட்டு, நூறு ஃபிரிட்ஜ் ஒண்ணா ஓடற மாதிரி இருக்குங்கறாரு. மில்லு மோட்டாராவும் இருக்கலாமாம்.”

அவள் பென்சிலை எடுத்தாள்.  அக்காவே ஆனாலும் முறை முறைதான்.

டாக்ஸிக்காரருக்குப் பத்துக்கு ஆறு. தையல்காரருக்கு ஆறு. வாட்ச்மேனுக்கு ஐந்து.

தனித்தனியாகப் பார்த்தால் ஒருவரையும் நம்பி ஒரு டீ கூட வாங்க முடியாது. ஆனால் மூவரும் ஒரே திசையைக் காட்டுகிறார்களே... அப்போது மிச்சமிருக்கும் சந்தேகங்களைப் பெருக்க வேண்டும். பெருக்கப் பெருக்க சந்தேகம் சுருங்கும். பத்துக்கு நாலு, நாலு, ஐந்து. பெருக்கினால் ஆயிரத்துக்கு எண்பது; சுருங்கி நூற்றுக்கு எட்டில் வந்து நின்றது.

“தொண்ணூத்திரண்டு சார்,” என்றாள்.

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு எண்ணை ஸ்டேஷன் கேட்டதே இல்லை.

“மேற்கே போற ரோடு பூரா அடைங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஒரு வெள்ளை வேன் தப்பக்கூடாது. மில்லுக்குப் பின்னால ஒரு பழைய தகர கோடவுன் இருக்கில்ல? வண்டிய எடு.”

*

கோடவுன் காலி.

பூட்டை உடைத்தார்கள். ஒரு பூனை வெளியே வந்து, போலீஸைப் பார்த்து, சலித்துக்கொண்டு போனது.

எண்ணெய்ப் பிசுக்கு. சாக்கு மூட்டைகள். சிலந்தி வலை. அக்கா இல்லை. அக்கா வந்து போன சுவடும் இல்லை.

“அக்கா...” என்று கத்தினாள். தகரச் சுவர் அதைத் திருப்பித் தந்தது.

மதியம் நெருங்கிவிட்டது. தகரத்தில் கை வைத்தாள். சுட்டது. கையை எடுக்காமல் வைத்தே இருந்தாள். அக்காவுக்குச் சுடுவதில் பாதியாவது தெரியட்டும்.

“வெள்ளை வேன் பதினாலு மடக்கியாச்சு,” என்றார் இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு. “ஒண்ணுல துணி. ஒண்ணுல கோழி. உன் தொண்ணூத்திரண்டு என்னம்மா ஆச்சு?”

அவள் வெளியே நடந்தாள். 

ஜீப்பில் இடம் இல்லாமல் அவள் வந்தது அந்த டாக்ஸியில்தான். பின் சீட்டில் விழுந்தாள். டாக்ஸிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“குடிம்மா. மனசை விட்டுடாத. நீ சொன்னது தப்பாப் போகாது.”

“நான் என்ன சொன்னேன்?”

“வெள்ளை வேன்னு சொன்னியே.”

பாட்டில் பாதி வழியில் நின்றது.

“அண்ணே... வெள்ளை வேனைப் பாத்தது நீங்கதானே?”

“நான் எங்கம்மா பாத்தேன்? நீ வந்து கேட்டே. பாவம், பொண்ணு அழுதுச்சேன்னு தையல்காரர்கிட்ட போய், இப்படி வெள்ளை வேன்ல மேற்கே தூக்கிட்டுப் போயிட்டாங்களாமே, பாத்தியான்னு கேட்டேன். அவரு, அட ஆமா, ஏதோ வெள்ளையா போச்சுன்னாரு. அப்புறம் யோசிச்சா... எனக்கும் பாத்த மாதிரியே இருந்துச்சு.”

“வாட்ச்மேன்?”

“அவருக்குத் தையல்காரரு சொன்னாரு.”

அவள் பாட்டிலை சீட்டில் வைத்தாள்.

மூன்று சாட்சிகள் இல்லை. ஒரு சாட்சி கூட இல்லை. அவள் பயத்தில் கேட்ட ஒரு கேள்வி... ஸ்டாண்டிலிருந்து தையல் கடைக்கு, தையல் கடையிலிருந்து பேங்க் வாசலுக்கு நடந்து... ஏட்டின் வாய் வழியாக அவளிடமே திரும்பி வந்திருக்கிறது. அதற்கு அவளே ஆறு, ஆறு, ஐந்து என்று மார்க் போட்டிருக்கிறாள்.

தன் எதிரொலிக்குத் தானே தொண்ணூற்றிரண்டு கொடுத்துக்கொண்டு, அக்காவை வெயிலில் விட்டுவிட்டாள்.

வெள்ளை வேன் என்று ஏன் கேட்டாள்? கடத்தல் என்றாலே எல்லாருக்கும் வெள்ளை வேன்தான் தோன்றும். மேற்கு ஏன்? மில் மேற்கே இருக்கிறது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு மண்ணும் இல்லை.

இறங்கினாள். இன்ஸ்பெக்டரிடம் போனாள். அழுதுகொண்டே, ஆனால் எதையும் விடாமல் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

“ஸ்டேஷனையே ஊர் சுத்த வச்சுட்ட.”

“ஆமா சார்.”

“இப்ப என்ன பண்றதா உத்தேசம்?”

“அந்த மூணையும் அழிச்சிடலாம் சார். மிச்சம் மூணு இருக்கு.”

“கண்ணாடி இல்லாத கிழவர், சத்தியம் பண்ணாத இன்ஜினீயர், ஃபிரிட்ஜ் சத்தம். இதுக்குப் பேரு மிச்சமா?”

“மூணு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்தது கூட இல்ல சார். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் சொல்லல. அவங்க யாருக்குமே முழு நம்பிக்கை கிடையாது. அதனாலதான் எனக்கு நம்பிக்கையா இருக்கு.”

பென்சில் எங்கோ விழுந்துவிட்டது. ஜீப்பின் தூசிப் பேனட்டில் விரலால் போட்டாள். பெரியவருக்கு மூன்று. இன்ஜினீயருக்கு நாலு. உறுமலுக்கு ஐந்து. மிச்சச் சந்தேகம்... ஏழு, ஆறு, ஐந்து. பெருக்கினாள். நூற்றுக்கு இருபத்தொன்று.

“எழுபத்தொன்பது சார்.”

“முன்னாடி தொண்ணூத்திரண்டு சொன்ன.”

“அது பொய்யான தொண்ணூத்திரண்டு. இது நிஜமான எழுபத்தொன்பது.”

ஏட்டுக்கு முகம் வெளிறியது. “ஐயா... அந்த ஆம்புலன்ஸு...”

“என்னய்யா?”

“கோர்ட் வாசல்லேர்ந்து சைரன் போட்டுட்டு வந்துச்சு. நாந்தான் சிக்னலை நிறுத்தி வழி விட்டேன். கிழக்கே செக்போஸ்ட்டுக்கும் சொன்னேன், ஆம்புலன்ஸ் வருது, நிறுத்தாதீங்கன்னு...”



“அதுவும் வெள்ளைதான்,” என்றாள் அவள் மெதுவாக. “அதுவும் கிட்டத்தட்ட வேன்தான். நான்தான் வேன்னு ஒரு கோடு போட்டு அதை வெளியே தள்ளிட்டேன்.”

“கிழக்கே நூறு ஃபிரிட்ஜ் எங்கய்யா ஓடும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்ஸிக்காரர் தலையை நீட்டினார். “துறைமுகம் சார். மீன் ஏத்தற குளிர் கன்டெய்னரெல்லாம் கரண்ட்டுல ஓடிட்டே இருக்கும். காது கிழியும்.”

*

துறைமுக யார்டு. கேட்டில் காவலாளி நிழலில் உட்கார்ந்திருந்தார்.

“ஆம்புலன்ஸா? வந்துச்சே. உள்ள யாருக்கோ அடிபட்டுருச்சாம். கொஞ்ச நேரத்துல வெறும் வண்டியா திரும்பிப் போச்சு.”

“நம்பர்?”

“ஆம்புலன்ஸுக்கு எவன் சார் நம்பர் பாக்கறான்? கேட்டைத் திறந்து விடறதுதானே நல்ல மனுஷனுக்கு அழகு.”

“அந்த வண்டிய அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பெட்டி,” என்று ஓடினார் இன்ஸ்பெக்டர்.

பெட்டிகள்... பெட்டிகள்... பெட்டிகள். சிவப்பு, பச்சை, நீலம். அடுக்கடுக்காக. வெயில் எல்லாவற்றின் மீதும் ஒரே மாதிரி அடித்தது.

யார்டு மேஸ்திரி மூச்சு வாங்க வந்தார். அவள் கேட்டாள்: “குளிர்ப் பெட்டிங்க எந்த வரிசை?”

“கடைசி.”

“அதுக்குப் பக்கத்துல?”

“ஒதுக்கிப் போட்ட பழைய காலிப் பெட்டிங்க. துருப் பிடிச்சு ஓட்டை உடைசலா கிடக்கும்.”

“ஓட்டையா? போன் சிக்னல் வெளிய வர்ற மாதிரி?”

“கையே போகும்மா.”

ஓடினார்கள். உறுமல் நெருங்கியது. அதே 'ம்ம்ம்'... போனில் கேட்ட அதே...

இரும்பைத் தட்டினாள். “அக்கா.” அடுத்தது. “அக்கா.” அடுத்தது. பதிலே இல்லை. அடுத்ததில் மேஸ்திரி நின்றார்.

“காலிப் பெட்டிக்கு யாரு பூட்டுப் போட்டது?”

இன்ஸ்பெக்டர் இரும்புக் கம்பியை வாங்கி நெம்பினார். பூட்டு அவர் விரலைக் கிழித்துக்கொண்டு தெறித்தது. கதவு முனகியது. உள்ளேயிருந்து அனல் முகத்தில் அறைந்தது.

மூலையில் அக்கா. ஒரு துரு ஓட்டையில் வாயை வைத்தபடி... அசையாமல்.

அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். துடிக்கிறதா? துடிக்கிற மாதிரி இருந்தது. 'மாதிரி' என்ற வார்த்தையை வாழ்க்கையில் முதல் முறையாக வெறுத்தாள்.

வெளியே தூக்கினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். வெகு நேரம்... வெகு நேரம்...

அக்காவின் இமை அசைந்தது.

“எவ்ளோ நேரம்டி... எங்க போய்ச் சுத்திட்டு வர்ற?”

அவள் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். “மேற்கே போயிட்டேன்க்கா.”

“அறிவு கெட்டவளே,” என்றாள் அக்கா, அவள் தலையைத் தடவிக்கொண்டே. “கோர்ட் வாசல்ல ஆம்புலன்ஸ் டிரைவர் ஓடி வந்தான். உள்ள ஒருத்தருக்கு நெஞ்சு வலி, உங்களுக்கு முதலுதவி தெரியுமாமே, வாங்கம்மான்னான். ஏறினேன். உள்ள நெஞ்சும் இல்ல, வலியும் இல்ல. துணிதான் இருந்துச்சு.”

ஏட்டு ஏற்கனவே போனில் இருந்தார். “ஆம்புலன்ஸ் சர்வீஸா? இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு விரல்ல அடி. ரத்தம். ஆமா, ஐயாவுக்குத்தான். துறைமுக ரோடு முனை. பக்கத்துல எந்த வண்டி இருக்கோ அனுப்புங்க.”

இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார். “ஏன்யா, ஒரு பொம்பளை செத்துப் பிழைச்சிருக்கா. நீ என் விரலைப் பத்தியா சொன்ன?”

“பழக்க தோஷம் ஐயா.”

அக்காவை டாக்ஸியில் ரோடு முனைக்குக் கொண்டுபோனார்கள். கதவைத் திறந்து வைத்து, கடல் காற்றில் உட்கார வைத்தார்கள். அதற்குள் சைரன்.

“இவ்ளோ சீக்கிரமா?” என்றார் டாக்ஸிக்காரர்.

வெள்ளை வண்டி குலுங்கி நின்றது. டிரைவர் குதித்தான். கையில் மருந்துப் பெட்டி, முகம் நிறைய மரியாதை.

“ஐயா, எந்த விரல்ங்க ஐயா? காட்டுங்க ஐயா...”

டாக்ஸிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“வாப்பா. உன் நெஞ்சு வலிக்காரர் எப்படி இருக்கார்?”

மருந்துப் பெட்டி கீழே விழுந்தது. கட்டுத்துணி அவிழ்ந்து ரோட்டில் உருண்டு ஓடியது. அதே வேகத்தில் ஓடப் பார்த்தவனை டாக்ஸிக்காரர் தன் பக்கக் கதவைத் திறந்து வரவேற்றார். கதவு முட்டியில் பட்டது. ஏட்டு மேலே விழுந்தார்.

“நான் இல்லைங்க... மில் முதலாளி சொன்னாருங்க... சாகடிக்கச் சொல்லலைங்க, சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கச் சொன்னாருங்க, அதான் பக்கத்துலயே சுத்திட்டிருந்தேங்க...”

“இதையே அப்படியே கோர்ட்ல சொல்லு,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஏட்டய்யா, இவனைப் பின்னாடி ஸ்ட்ரெச்சர்ல கட்டுங்க.”

அக்கா எழுந்து நின்றாள். கால் ஆடியது.

“அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா.”

“ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது. முதலாளி ஓடிடுவான். ஜட்ஜ் உக்காந்திருப்பாரு, வா.” அக்கா ஆம்புலன்ஸின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “இந்தத் தடவை பின்னாடி ஏற மாட்டேன்.”

இன்ஸ்பெக்டர், கிழிந்த விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தார். “இந்த ட்ராஃபிக்ல நேரத்துக்குப் போய்ச் சேருவோமான்னு தெரியலையேம்மா.”

“சைரனைப் போடுங்க சார்,” என்றாள் அக்கா. “வழியெல்லாம் உங்க ஆளுங்க சல்யூட் அடிச்சு விட்டுடுவாங்க.”